மணல் மூட்டை போட்டால் ஜெட் படகு குதிக்காதா?

அலுமினிய அண்ணாச்சி:
கிறைஸ்ட்சர்ச் வாசன் கேட்டது இது: நாலு மீட்டர் சொச்சம் நீள அலுமினிய ஜெட் படகு, வைமக்காரிரி ஆற்றில் அலையே இல்லாத இடத்திலும் 50 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் மூக்கு ஏறி ஏறி விழுகிறது, என்ன செய்யலாம்? அதற்குப் புயல் தம்பி சொன்ன வைத்தியம்: "முன்னால் 25 கிலோ மணல் மூட்டை போடுங்க, கதை முடிஞ்சது." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ஆற்று மணலை உறிஞ்சி, தண்ணீரைப் பின்னால் பீய்ச்சும் பம்பின் சக்கரமான இம்பெல்லர் தேய்கிறதே என்று ஜெட் படகுக்காரன் ஒவ்வொருவனும் புலம்புகிறான். இவர் காசு கொடுத்து மணலை உள்ளே ஏற்றச் சொல்கிறார்!

படகை ட்ரெய்லரில் ஏற்றி, அடியில் படுத்து, பின்தட்டிலிருந்து ஒன்றரை மீட்டருக்கு நேர்ச்சட்டம் வைத்துப் பாருங்கள். கடைசிப் பகுதி மேல்நோக்கி வளைந்திருந்தால் ஓடுகிற தண்ணீர் பின்பக்கத்தைக் கீழே இழுக்கும், மூக்கு தூக்கும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் வளைவே போதும். வெல்டிங் சூட்டில் தகடு இழுத்துக்கொண்டாலும் இப்படி ஆகும்.

புயல்:
மூட்டைக்குள் இருக்கிற மணல் எப்படி அண்ணாச்சி பம்புக்குப் போகும்? இம்பெல்லர் எழுந்து வந்து சாக்கைக் கடிக்குமா? முன் சீட்டில் ஆள் உட்கார்ந்தால் குதிப்பது நிற்கிறது, டேங்க் நிரம்பியிருந்தால் அதிகமாகிறது என்று வாசனே எழுதியிருக்கிறார். இன்ஜின், பம்ப், டேங்க், பேட்டரி எல்லாம் பின்னால். எடைதான் பிரச்சினை என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

அலுமினிய அண்ணாச்சி:
நேர்ச்சட்டம் வைத்தாரா? வைக்கவில்லை. அப்புறம் என்ன பேச்சு?

கடற்பொறி:
இரண்டு பேரும் ஒன்றையே சொல்லிச் சண்டை போடுகிறீர்கள். படகு சறுக்கி ஓடும்போது அதன் ஓட்டக் கோணம், அதாவது மூக்கு தூக்கியிருக்கும் சாய்வு, ஓர் எல்லையைத் தாண்டினால் மேலெழும்புவதும் மூக்காட்டமும் ஒன்றையொன்று தூண்டிவிடும். படகுப் பொறியாளர் சாவிட்ஸ்கியின் 1964 கட்டுரையில் கணக்கே இருக்கிறது. எடையை முன்னே நகர்த்தினாலும், பின்தட்டின் அடியில் மெல்லிய ஆப்பு வைத்தாலும், தண்ணீர் பீய்ச்சும் குழாய்முனையான நாசிலைக் கொஞ்சம் கீழ்நோக்கித் திருப்பினாலும் குறைவது அந்தக் கோணம்தான்.

அலுமினிய அண்ணாச்சி:
சாவிட்ஸ்கி ஐயா வந்து தகட்டை நிமிர்த்துவாரா? நீங்கள் கடைசியாகப் படகில் ஏறியது எப்போது சார்? மூட்டையை மூக்கில் போட்டால் திருப்பத்தில் முன்பக்கம் தண்ணீரைக் கடிக்கும், பின்பக்கம் வழுக்கிச் சுழலும். முழங்கால் ஆழ ஆற்றில் கூடுதல் எடையே சத்துரு. நம்ம நியூசிலாந்துக்காரர் ஹாமில்டன் 1954இல் ஜெட் படகைக் கண்டுபிடித்த நாட்டில் உட்கார்ந்துகொண்டு மணல் மூட்டையா?

கடற்பொறி:
ஹாமில்டன் கண்டுபிடிக்கவில்லை. தண்ணீரைப் பின்னால் பீய்ச்சிப் படகை ஓட்டும் யோசனைக்கு 1661லேயே இங்கிலாந்தில் டூகுட், ஹேய்ஸ் என்ற இருவர் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். அடித்தட்டுக்குக் கீழே இருந்த நாசிலைப் பின்தட்டு வழியாகத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே கொண்டுவந்ததுதான் அவர் செய்த பெரிய காரியம்.

அலுமினிய அண்ணாச்சி:
அந்த 1661 காகிதத்தை மடித்து வைமக்காரிரியில் விடுங்கள், ஓடுகிறதா பார்ப்போம். 1960இல் கொலராடோ ஆற்றில் கிராண்ட் கேன்யன் வழியாக எதிர்நீச்சலில் ஏறியது யாருடைய படகு? டூகுட் தாத்தாவுடையதா?

வாசன்:
அண்ணே, பேட்டரியை மட்டும் முன் சீட்டுக்கு அடியில் மாற்றிப் பார்க்கலாமா? கேபிள் நீளம் கூடினால் ஸ்டார்ட் ஆவதில் சிக்கல் வருமா?

புயல்:
அண்ணாச்சிக்கு வெல்டிங் கடை இருக்கிறது, அதனால் யார் வந்தாலும் வெல்டிங்தான் மருந்து. போன வருடம் படகுக்குள் தேங்கும் தண்ணீரை வெளியேற்றும் பில்ஜ் பம்ப் ஓடவில்லை என்று ஒருவர் கேட்டதற்கும் "அடித்தட்டைப் பார்" என்றார். கடைசியில் ஃபியூஸ் போயிருந்தது.

அலுமினிய அண்ணாச்சி:
அந்தப் பஞ்சாயத்தில் தண்ணீர் ஏன் உள்ளே வந்தது என்பதுதான் என் கேள்வி. அதற்கு இன்றுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை. வாசன் தம்பி, ஆப்பு ஒட்டுவதானால் தண்ணீர் உறிஞ்சும் பம்ப் வாய்க்கு முன்னால் எதையும் ஒட்டிவிடாதே, காற்றுக் குமிழி உள்ளே போய் இன்ஜின் சும்மா உறுமும். அதற்கு முன்னால் நேர்ச்சட்டம்.

கடற்பொறி:
நாசிலைக் கீழே திருப்பச் சொன்னதற்கு யாருமே பதில் சொல்லவில்லை.

புயல்:
மணல் மூட்டை ஐந்து டாலர். நாசில் வேலைக்கு எவ்வளவு? சரி, அண்ணாச்சிக்கு மணல்தான் அலர்ஜி என்றால் அரிசி மூட்டை போடட்டும்.

அலுமினிய அண்ணாச்சி:
போடு. ஆனால் ஃபியூஸ் போனது என்று உனக்கு யார் சொன்னது? அந்த ஆள் படகை என் கடைக்குத்தான் கொண்டுவந்தான்.