வத்தல்மலைக்கு காப்பி நாற்று: கீழே வளர்க்கலாமா, மலையிலேயே போடணுமா?

பாலக்கோடு_நாற்றங்கால்:
வீட்டையொட்டி சின்ன நர்சரி வைத்திருக்கிறோம். அம்மாவும் தம்பியும்தான் ஆள். இதுவரை தக்காளி, கத்தரி நாற்று, கொஞ்சம் மா ஒட்டு. தருமபுரி மாவட்டத்து வத்தல்மலையில் இருக்கும் சொந்தக்காரர்கள் காப்பி நாற்று கேட்கிறார்கள். விதையும் அவர்களே தருவார்கள். நிழல்வலை, போர் கிணறு எல்லாம் இங்கே இருப்பதால், கீழேயே வளர்த்து ஆவணி மழைக்கு ஏற்றி அனுப்பிவிடலாம் என்பது என் கணக்கு. சரிப்படுமா?

மலையூரான்:
வேண்டாம் தம்பி. மலையில் போடுகிற அரபிகா வகைக் காப்பிக்கு 1,000 மீட்டர் உயரத்துக்கு மேல்தான் சுகம். விதை போடுவது மார்கழி, தையில். முளைத்து மண்ணுக்கு மேல் வரவே ஒன்றரை மாதம் ஆகும். விதையைத் தொப்பி மாதிரி தலையில் தூக்கிக்கொண்டு நிற்கும்போதோ, ரெண்டு விதையிலை விரிந்ததுமோ மண் நிரப்பிய பாலித்தீன் பைக்கு மாற்றுவார்கள். அதாவது பைக்குப் போன பிள்ளை வேர் பிடிப்பதற்குள் பங்குனி, சித்திரை வந்துவிடும். பாலக்கோட்டு வெயிலில் அது என்ன செய்யும்?

நிழல்வலை_ரவி:
அண்ணே, மலையில் சித்திரையில் தண்ணீர் எங்கே இருக்கிறது? குடத்தில் தூக்கி பைக்கு ஊற்றச் சொல்கிறீர்களா? ஓசூர்ப் பக்கம் பூச்செடி முதல் பழச்செடி வரை எந்த ஊர்ச் செடியையும் வலைக்குள் வைத்து வளர்க்கிறார்கள். வெயிலைத் தடுக்க வழி உண்டு, தண்ணீர் இல்லாததற்கு என்ன வழி?

மலையூரான்:
வலை வெயிலைத் தடுக்கும், அனல் காற்றைத் தடுக்காது ரவி. வெளியே 38 டிகிரி என்றால் வலைக்குள்ளும் ஏறக்குறைய அதே சூடுதான். உடனே எல்லாரும் என்ன செய்கிறார்கள்? மூணு வேளை தண்ணீர் ஊற்றுகிறார்கள். தண்டு மண்ணைத் தொடும் இடம் பழுப்பாகி, நூலாக மெலிந்து, செடி அப்படியே சாய்ந்துவிடும். ரைசாக்டோனியா என்கிற பூஞ்சையின் வேலை. நெருக்கமும் ஈரமும் சேர்ந்தால் ஒரு பாத்தியே போய்விடும்.

அரூர்_அக்கா:
வெயிலை விடுங்கள், போர் தண்ணீரை யாரும் பேசவில்லையே. நம் மாவட்டத் தண்ணீரில் ஃபுளோரைடு இருப்பதால்தானே ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டமே வந்தது. அந்தத் தண்ணீரை ஊற்றினால் செடி மஞ்சளாகாதா?

மண்ணும்_வேரும்:
அக்கா சொல்கிற இடம் சரி, குற்றவாளி வேறு. ஃபுளோரைடு மனிதர்களின் பல்லுக்கும் எலும்புக்கும் பிரச்சினை. இங்கே செடியை மஞ்சளாக்குவது கடின நீரில் இருக்கும் பைகார்பனேட் என்கிற உப்பு. காப்பிக்கு லேசான அமில மண் வேண்டும், கார அமில நிலை (pH) 6, 6.5 இருந்தால் நல்லது. பையில் இருப்பதோ ரெண்டு கை மண். அதில் தினமும் கடின நீரை ஊற்றினால் மண் மெல்ல மெல்லக் காரமாகும். இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் வேரால் எடுக்க முடியாது. புதுத் துளிரைப் பாருங்கள், இலை மஞ்சளாகவும் நரம்பு மட்டும் பச்சையாகவும் இருந்தால் அதுதான். பலர் இதற்கு யூரியா போடுகிறார்கள், ஒன்றும் நடக்காது.

நிழல்வலை_ரவி:
மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைத்தால் போச்சு. இதற்காக நர்சரியையே மலைக்குத் தூக்கணுமா?

மண்ணும்_வேரும்:
ஐப்பசியில் பிடித்த தண்ணீர் சித்திரை வரை வரும் அளவுக்குத் தொட்டி இருந்தால் தாராளமாக.

பாலக்கோடு_நாற்றங்கால்:
அவ்வளவு பெரிய தொட்டி இல்லை. இன்னொன்று, விதை வந்துவிட்டது. நல்லா வெயிலில் காயவைத்து, போன அறுவடையிலேயே எடுத்து வைத்ததாம்.

மலையூரான்:
அதை வறுத்துக் குடியுங்கள்! காப்பி விதை நெல் மாதிரி வருஷக்கணக்கில் கிடக்காது, சாதாரணமாக வைத்தால் ரெண்டு மூணு மாதத்தில் முளைப்பு சரிந்துவிடும். நல்ல தாய்ச்செடியில் நன்றாகப் பழுத்த பழமாகப் பறித்து, தண்ணீரில் போட்டு மிதப்பதை ஒதுக்கி, தோலை நீக்கி, சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்தணும். மேல் ஓட்டை உரிக்கக் கூடாது. தட்டைப் பக்கம் கீழே இருக்கும்படி போடுங்கள்.

அரூர்_அக்கா:
சொந்தத் தோட்டத்து விதையே போதுமா? சந்திரகிரி என்கிறார்களே?

மண்ணும்_வேரும்:
அரபிகா பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பது, அதனால் பிள்ளை தாயை ஒத்திருக்கும். ரொபஸ்டா என்கிற இன்னொரு காப்பி வகையில் அப்படி நம்ப முடியாது. சந்திரகிரி 2007இல் காப்பி வாரியம் வெளியிட்ட குட்டை ரகம். வாரியத்திடம் முன்கூட்டியே விதை கேட்டுவையுங்கள்.

நிழல்வலை_ரவி:
எல்லாம் சரி, மலையில் தண்ணீர் ஊற்றப்போவது யார் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

மலையூரான்:
ஊற்றோ கிணறோ பக்கத்தில் இருக்கிற சொந்தக்காரர் ஊற்றுவார், செடி அவருடையதுதானே. கீழே வளர்த்தால் மட்டும் சும்மாவா? கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப் ஆடுகிற ஆட்டத்தில் பை மண் உதிர்ந்து வேர் அறுந்துவிடும். பைக்கு மாற்றும்போது ஆணிவேர் மடங்கினால் அதுவும் ஆகாது. வாங்கும்போது யாரும் அடிப்பக்கத்தைக் கிழித்துப் பார்ப்பதில்லை. மூணாம் வருஷம் செடி வாடி நிற்கும்போதுதான் பிடுங்கிப் பார்க்கிறார்கள், வேர் கொக்கி போட்டுக் கிடக்கும்.

பாலக்கோடு_நாற்றங்கால்:
அப்படியானால் முதலில் போர் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுக்கிறேன். பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுப் பார்க்கலாம். தண்ணீர் கடினம் என்றால் பாத்தியை மலையிலேயே போட்டு, பைக்கான மண் கலவையை மட்டும் நாங்கள் செய்து தருகிறோம்.

மலையூரான்:
மண் எதற்குக் கீழிருந்து? காட்டு மண் அங்கேயே கிடைக்கும். ஆறு பங்கு மண்ணுக்கு மூணு பங்கு மக்கிய எரு, ஒரு பங்கு மணல். பையும் எருவும் கொண்டுவந்தால் போதும். எரு நன்றாக மக்கியிருக்கட்டும்.

நிழல்வலை_ரவி:
ஜீப் வாடகை யார் தருவது என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள்.