மோவானா 2: மகளுக்குப் பிடித்தது, எனக்குக் கொட்டாவி, விமர்சகர்கள் இரண்டாகப் பிரிந்திருக்கிறார்கள். யாரை நம்புவது?

ஆறுவயதுஅம்மா கேட்டது:

என் மகளுக்கு ஆறு வயது. டிஸ்னியின் அனிமேஷன் படமான மோவானாவின் முதல் பாகம் அவளுக்கு மனப்பாடம். வசனம் வருவதற்கு முன்பே சொல்லிவிடுவாள். இரண்டாம் பாகத்தையும் கண் எடுக்காமல் பார்த்தாள், முடிந்த கையோடு திரும்பப் போடச் சொன்னாள். எனக்குப் பாதிப் படத்திலேயே கொட்டாவி. கடல் அழகு, ஈரத் தலைமுடி அசைவதைக்கூட உட்கார்ந்து பார்க்கலாம், அதெல்லாம் சரி. கதைதான் எங்கேயோ போகிறது, எங்கேயோ வருகிறது.

அப்புறம் மதிப்பெண்களைத் தேடினேன். விமர்சனங்களைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் விமர்சகர்கள் பக்கம் 60 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. முதல் படத்துக்கு அதே இடத்தில் 95. பார்வையாளர்கள் பக்கம் 80-ஐத் தாண்டியிருக்கிறது. வசூல் 100 கோடி டாலருக்கு மேல். விமர்சகர்கள் குழந்தைகள் படத்தில் வேண்டுமென்றே குறை தேடுகிறார்களா? இல்லை, என்ன கொடுத்தாலும் நாம் பார்த்துவிடுகிறோமா? அடுத்து ஏதாவது ஒரு இரண்டாம் பாகம் வந்தால் எந்த எண்ணைப் பார்த்து முடிவு செய்வது?

கடைசிவரிசை:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? விமர்சகர் தனியாக உட்கார்ந்து குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே பார்க்கிறார். உங்கள் மகள் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறாள். படம் அவளுக்காக எடுத்தது. முடிந்தது கதை.

பென்சில்சீவி:

கடைசிவரிசை சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே விமர்சகர்கள்தான் அதே 2024-இல் இன்சைடு அவுட் 2-ஐப் பாராட்டினார்கள். அதுவும் குழந்தைகளோடு பார்க்கும் படம், அதுவும் இரண்டாம் பாகம். ஆகவே குழந்தைகள் படம் என்றாலே அவர்களுக்கு ஆகாது என்பது எடுபடாது.

முதலில் அந்த 60. அது நூற்றுக்கு அறுபது மதிப்பெண் இல்லை. எழுதியவர்களில் நூற்றுக்கு அறுபது பேர் 'பார்க்கலாம்' என்ற பக்கம் நின்றார்கள், அவ்வளவே. எல்லோரும் 'பரவாயில்லை ரகம்' என்று ஐந்துக்கு மூன்று போட்டால்கூட அங்கே 100 காட்டும். நான் படித்த விமர்சனங்களில் ஆதரித்தவரும் எதிர்த்தவரும் எழுதியது ஏறக்குறைய ஒன்றுதான்: கண்ணுக்கு விருந்து, முதல் படத்தின் உயிர் இல்லை. ஒருவர் அதற்கு 'சரி' போட்டார், இன்னொருவர் 'வேண்டாம்' போட்டார்.

பார்வையாளர்கள் பக்கம் இன்னும் சுவாரசியம். அமெரிக்காவில் சினிமாஸ்கோர் என்று ஒரு நிறுவனம், படம் வெளியாகும் நாளில் தியேட்டரில் பார்த்தவர்களிடம் அட்டை கொடுத்து மதிப்பெண் வாங்கும். முதல் நாளே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருபவர் யார்? ஏற்கெனவே பிடித்துப்போய் வருபவர். அவர்களிடம் மோவானா முதல் பாகம் வாங்கியது ஏ, இரண்டாவது ஏ மைனஸ். கேட்க நல்ல மதிப்பெண்தான். ஆனால் டிஸ்னி அனிமேஷன் படங்கள் அதற்குக் கீழே போவதே அபூர்வம். 2022-இல் ஸ்ட்ரேஞ்ச் வேர்ல்ட் பி வாங்கியது பெரிய செய்தியானது. அந்தக் கணக்கில் பார்த்தால், ரசிகர்களும் விமர்சகர்கள் சொன்ன குறையைத்தான் கொஞ்சம் மெல்லமாகச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு கூட்டத்துக்கும் சண்டையே இல்லை.

உங்கள் கொட்டாவிக்கு வருவோம். நான் சில காலம் தொலைக்காட்சி அனிமேஷன் தொடர்களுக்கு ஸ்டோரிபோர்டு, அதாவது காட்சிகளை முன்கூட்டியே கட்டம் கட்டமாக, வரைந்தவன், அதனால் என் கண் முதலில் ஒட்டுப்போட்ட இடத்துக்குத்தான் போகும். மோவானா 2 திரைப்படமாகத் தொடங்கியதே இல்லை. 2020 டிசம்பரில் டிஸ்னி பிளஸ்ஸுக்கான தொடராக அறிவித்தார்கள். 2024 பிப்ரவரியில் 'இது திரைப்படம்' என்றார்கள். நவம்பரில் தியேட்டருக்கு வந்துவிட்டது.

மோவானாவோடு படகில் ஏறும் மூன்று பேரைக் கவனியுங்கள். படகு கட்டும் லோட்டோ, மோவானாவின் தோழனான பாதித் தெய்வம் மௌயியின் பரம ரசிகன் மோனி, கடலே ஆகாத கிழவர் கெலே. மூவருக்கும் ஆளுக்கொரு சிரிப்பு, ஆளுக்கொரு குணம் கொடுத்து அறிமுகம் செய்கிறார்கள். தொடரில் இப்படித்தான் செய்வோம்: பின்னால் ஆளுக்கு ஒரு எபிசோட் வரும், அங்கே அவர்கள் யாரென்று தெரியும். இங்கே மொத்தமே 100 நிமிடம். அறிமுகத்தோடு நின்றுவிட்டார்கள்.

மாடாங்கி இன்னும் மோசம். வௌவால்களோடு வரும் அந்தப் பெண் படத்திலேயே ரசமான ஆள். வருகிறாள், ஒரு பாட்டுப் பாடுகிறாள், வழி காட்டுகிறாள், காணாமல் போகிறாள். என் அக்கா பையன் அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு காட்சியிலும் "அந்த வௌவால் அக்கா எங்கே மாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். பெயர்கள் ஓடத் தொடங்கிய பிறகு ஒரு துண்டுக் காட்சியில்தான் வந்தாள். அதற்குள் அவன் செருப்பு மாட்டிவிட்டான். வில்லன் நாலோவும் அப்படியே. படம் முழுக்க இடியும் சூறாவளியுமாக இருந்துவிட்டு, முகம் காட்டுவது அதே துண்டுக் காட்சியில். அடுத்த பருவத்துக்குக் கொக்கி போடும் தொடர்காரர் பழக்கம் இது. எனக்கு நன்றாகவே தெரியும், நானே போட்டிருக்கிறேன்.

பாட்டு விஷயத்தில் விமர்சகர்கள் சொன்னதை முழுக்க ஏற்கிறேன். முதல் படத்துக்குப் பாட்டெழுதிய லின்-மானுவல் மிராண்டா இந்தப் பாகத்தில் இல்லை. அபிகெயில் பார்லோவும் எமிலி பேரும் எழுதினார்கள். பாட்டு மோசமில்லை. ஆனால் முதல் படத்தில் மோவானா தன் ஆசையைப் பாடத் தொடங்கும்போது கரையில் நிற்பாள், முடிக்கும்போது படகில் இருப்பாள். பாட்டே கதையை நகர்த்திவிடும். இதில் பாட்டு வரும்போது கதை மரியாதையாக ஓரம் ஒதுங்கி நிற்கிறது.

பிள்ளைகளுக்கு ஏன் பிடித்தது என்றால், அவர்கள் பார்ப்பது காட்சி காட்சியாக. அக்கா போய்விடுவாளே என்று குட்டித் தங்கை சிமேயா கலங்கும்போது, என் அக்காவின் சின்னவள் தன் அண்ணன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அந்த இடம் நிஜமாகவே நன்றாக எடுத்தது. இப்படி நாலைந்து காட்சி கிடைத்தால் அவர்களுக்குப் போதும். நடுவில் உள்ள பள்ளத்தைத் தாண்டிக் குதித்துவிடுவார்கள். நாம்தான் விழுகிறோம்.

மூன்றாம்மணி:

பென்சில்சீவி, தொடராகப் பிறந்தது என்பதை வைத்து இவ்வளவு சலுகை தரலாமா? டாய் ஸ்டோரி 2-உம் தியேட்டருக்காகத் தொடங்கியது இல்லை. நேரே வீடியோவில் விடத் திட்டமிட்ட படம். பிறகு முடிவை மாற்றி, ஒன்பது மாதம்போலக் கையில் இருக்கும்போது கதையைப் புரட்டிப்போட்டு 1999-இல் கொண்டுவந்தார்கள். முதல் பாகத்தை விட மேல் என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

பென்சில்சீவி:

சலுகை தரவில்லை, கொட்டாவிக்குக் காரணம் சொன்னேன். டாய் ஸ்டோரி 2 ஒரே படத்துக்கான கதை, அதைத் திருத்தலாம். பல எபிசோடுகளுக்குப் பிரித்து யோசித்ததை ஒன்றாக்குவது வேறு வேலை, எதை வெட்டினாலும் இன்னொன்று அந்தரத்தில் தொங்கும். இன்னொன்று: அந்த ஒன்பது மாதத்தில், அதை எடுத்த பிக்ஸார் நிறுவனத்தில் வேலை செய்தவர்கள் பலர் கைவலியோடு வீட்டுக்குப் போனார்கள். 'முடியும் என்று நிரூபித்தார்களே' என்று அதை உதாரணம் காட்டினால் எனக்கு மணிக்கட்டு வலிக்கும்.

கடைசிவரிசை:

சரி, விமர்சகர்கள் மேல் உள்ள கோபத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன். ஆனாலும் 100 கோடி டாலர் பொய் சொல்லாது.

பென்சில்சீவி:

அந்தக் கூட்டத்தில் பாதிக்கு மேல் முதல் படம் கொண்டுவந்த கூட்டம் என்பேன். திரைப்படங்களில், 2016-இல் வந்த மோவானாவைத்தான் 2023-இலும் அமெரிக்காவில் ஸ்ட்ரீமிங்கில் அதிகம் பார்த்திருக்கிறார்கள். பார்வை நேரத்தை அளக்கும் நீல்சன் நிறுவனத்தின் கணக்கில் அந்த ஆண்டில் மட்டும் 1,160 கோடி நிமிடம். ஆறுவயதுஅம்மா வீட்டு நிமிடங்கள் மாதிரி எத்தனை வீட்டு நிமிடங்களோ. அந்தப் பிள்ளைகள் எல்லாம் இரண்டாம் பாகத்துக்கு வராமல் எங்கே போவார்கள்?

ஆறுவயதுஅம்மா:

எங்கள் பங்கும் அதில் கணிசம்தான்! சரி, என் கடைசிக் கேள்வி அப்படியே இருக்கிறது. எந்த எண்ணைப் பார்ப்பது?

பென்சில்சீவி:

முதல் வார வசூலைப் பார்க்காதீர்கள், அது விளம்பரத்தின் வெற்றி. மூன்றாவது, நான்காவது வாரத்தில் கூட்டம் எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். 2022 கடைசியில் வந்த புஸ் இன் பூட்ஸ்: தி லாஸ்ட் விஷ், அமெரிக்காவில் முதல் வார இறுதியில் 1.2 கோடி டாலர்போலத்தான் எடுத்தது. படுத்துவிட்டது என்றார்கள். பார்த்தவர்கள் வாய்வழியாகச் சொல்லிச் சொல்லியே வாரக்கணக்கில் ஓடி, உலகம் முழுக்க 48 கோடியை ஒட்டி வந்து நின்றது. விமர்சகர்களும் மக்களும் ஒரே பக்கம் நின்ற இரண்டாம் பாகம்.

அவ்வளவு காத்திருக்க முடியாது என்றால், பிடித்ததென்று எழுதிய விமர்சனம் ஒன்று, பிடிக்கவில்லையென்று எழுதியது ஒன்று, இரண்டையும் படியுங்கள். இரண்டும் ஒரே குறையைச் சொன்னால் அந்தக் குறை நிச்சயம் படத்தில் இருக்கும்; அது உங்கள் மகளை உறுத்துமா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

புஸ் இன் பூட்ஸைப் போடுவதாக இருந்தால் நீங்கள் ஒரு தடவை முன்னால் பார்த்துவிடுங்கள். அதில் ஒரு ஓநாய் வருகிறது, ஆறு வயதுக்குக் கொஞ்சம் அதிகம். அது விசிலடிக்கத் தொடங்கும்போது பக்கத்தில் இருங்கள்.