அப்பா டிவிக்கு முன்னால் வைத்துப் பதிந்த கசட்: பாட்டு மங்கலாகவும் வேகமாகவும் கேட்கிறது, உதவி வேண்டும்

கொழும்பு6:
வணக்கம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், வெள்ளவத்தையில் நாங்கள் இருந்த வீட்டில் வீடியோ டெக் இல்லை. பின்னேரம் அரச தொலைக்காட்சியான ரூபவாஹினியில் கார்ட்டூன் தொடங்கும் நேரம் அப்பா ரேடியோ கசட்டைத் தூக்கிவந்து டிவிக்கு முன்னால் ஸ்டூலில் வைப்பார். உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, ரெக்கோர்ட் பொத்தானை அமத்துவார். ஆனாலும் யாராவது பேசிவிடுவோம்.

அப்படிப் பதிந்த 60 நிமிடக் கசட் ஒன்று போன கிழமை அம்மாவின் அலுமாரியில், சேலைகளுக்கு அடியில் கிடைத்தது. ‘பிள்ளைகளின் பாட்டு’ என்று நீலப் பேனாவில் அப்பாவின் எழுத்து. அப்பா இப்போது இல்லை.

முதலில் வருவது ‘தொஸ்தர ஹொந்தஹித’, டொக்டர் டூலிட்டில் கார்ட்டூனின் சிங்களப் பாட்டு. ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாமல் அண்ணா கூடவே பாடுகிறான். நடுவில் அம்மா, “சத்தத்தைக் குறையுங்கோ, பக்கத்து வீட்டில் பிள்ளை படிக்குது” என்கிறார்.

சிக்கல் இரண்டு. போர்வைக்குள் இருந்து கேட்பது போல மங்கலாக இருக்கிறது, சில இடத்தில் அடியோடு போய்த் திரும்ப வருகிறது. அதோடு எல்லாமே வேகமாக ஓடுகிறது. பிளேயர் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியது. என்ன செய்யலாம்?

கொட்டாஞ்சேனை ரேடியோ:
தங்கச்சி, முதலில் அதை ஓட விடுவதை நிறுத்துங்கள். கசட்டின் மேல் விளிம்பில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் தட்டு இருக்கும். இரண்டையும் உடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கை தவறி ஒரு பொத்தான் அமுங்கினாலும் மேலே பதிந்துவிடும்.

பிறகு இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். ஒன்று, வேறு கசட் போட்டால் அதுவும் வேகமாக ஓடுகிறதா? இரண்டு, நாடா தெரிகிற வாய்ப் பக்கத்தின் நடுவில், நாடாவுக்குப் பின்னால், மெல்லிய செப்புத் தகட்டில் ஒட்டிய சின்னக் கம்பளித் துண்டு இருக்கிறதா? நாடாவிலிருந்து ஒலியை எடுக்கும் பிளேயரின் ஹெட்டோடு அதை அழுத்திப் பிடிப்பது அந்தத் துண்டுதான். கொழும்பு வெக்கைக்கும் ஈரக் காற்றுக்கும் அதன் பசை விட்டுவிடும். அது இல்லையென்றால் நீங்கள் சொல்வது போலத்தான் கேட்கும்.

கொழும்பு6:
தகடு இருக்கிறது அண்ணா, துண்டு இல்லை. பசை காய்ந்த மஞ்சள் அடையாளம் மட்டும் இருக்கிறது. வேறு இரண்டு கசட் போட்டேன், வேகம் சரியாக இருக்கிறது.

கொட்டாஞ்சேனை ரேடியோ:
அப்படியென்றால் மங்கலுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. ஸ்க்ரூ போட்ட பழைய கசட் ஒன்றைத் தேடுங்கள். ஐந்து ஸ்க்ரூ இருக்கும். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, மின்விசிறியைப் போடாமல், இரண்டையும் படுத்த நிலையில் திறவுங்கள். உள்ளே நாடா எந்த வழியாகப் போகிறது என்று முதலில் போனில் படம் எடுத்துவைத்து, இரண்டு சுருளையும் சேர்த்து நல்ல கூட்டுக்குள் மாற்றுங்கள். திருப்பிப் போட்டுவிடாதீர்கள். நாடா அறுந்தாலும் செலோடேப் ஒட்ட வேண்டாம், அதன் பசை கசிந்து அடுத்த சுற்றிலும் ஒட்டிக்கொள்ளும்.

மாற்றிய பிறகு ஒரு தடவை முழுவதும் முன்னால் ஓட்டி, பின்னால் சுற்றுங்கள். பிளேயரின் ஹெட்டை ஐசோபுரோப்பைல் அல்கஹோல் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். பாமசியில் கிடைக்கும்.

மாடிவீட்டு மைனா:
இடையில் வருகிறேன், மன்னிக்கவும். அந்தப் பாட்டின் பெயரைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. தமிழுக்கு ஒதுக்கிய நேரம் கொஞ்சம், பின்னேரக் கார்ட்டூன் சிங்களம், நாங்கள் அதையே பார்த்து வளர்ந்தோம். சிங்களத் திரைப்பட இயக்குநர் டைட்டஸ் தொடவத்த அந்த டப்பிங்குகளை வெறும் மொழிபெயர்ப்பாகச் செய்யவில்லை, டூலிட்டிலை இந்த ஊர் ஆளாகவே மாற்றிவிட்டார். ஹொந்த என்றால் நல்ல, ஹித என்றால் மனசு. நான் படித்த முதல் சிங்களச் சொற்கள் இவைதான், பள்ளிக்கூடத்தில் அல்ல.

தெஹிவளை தம்பி:
அக்கா, இவ்வளவு மினக்கெட வேண்டாம். போனில் பதிந்து இரைச்சல் நீக்கும் ஆப் ஒன்றில் போடுங்கள், பாட்டு மட்டும் சுத்தமாக வரும்.

கொழும்பு6:
தம்பி, அதைத்தான் முதலில் செய்தேன். பேன் சத்தம் போனது. அம்மா பேசியதும் போய்விட்டது, அண்ணாவின் குரல் துண்டு துண்டாக வந்தது. பாட்டு மட்டும் வேண்டுமென்றால் இணையத்திலேயே கேட்கலாம். எனக்கு வேண்டியது எங்கள் வீட்டில் கேட்ட பாட்டு.

கூடு மாற்றிவிட்டேன். மங்கல் போய்விட்டது! பின்னால் குக்கர் விசில் கூடக் கேட்கிறது. வேகம் மட்டும் அப்படியே இருக்கிறது.

கொட்டாஞ்சேனை ரேடியோ:
பதியும்போது ரேடியோ கரண்டில் ஓடியதா, பற்றரியில் ஓடியதா?

கொழும்பு6:
பற்றரி! அந்தச் சுவரில் ஒரு பிளக்தான், அது டிவிக்கு. பற்றரி இறங்கினால் அம்மா ஜன்னல் படியில் வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடுவார்.

கொட்டாஞ்சேனை ரேடியோ:
அதுதான். பற்றரி இறங்கியதால் மோட்டார் மெதுவாகச் சுற்றியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் வேகமாகத்தான் கேட்கும். காதால் குத்துமதிப்பாகச் சரிசெய்ய வேண்டாம், அளவுகோல் கசட்டுக்குள்ளேயே இருக்கிறது. நம் கரண்ட் 50 ஹேர்ட்ஸ், பழைய டிவியின் படமும் விநாடிக்கு 50 தடவை வரைந்தது. டிவிக்குப் பக்கத்தில் வைத்த ரேடியோவில் அந்த உறுமல் பதிந்திருக்கும்.

பிளேயரின் வயரை லெப்டொப்பின் மைக் ஓட்டையில் நேராகக் குத்தாதீர்கள், சத்தம் உடையும். லைன் இன் உள்ள யூஎஸ்பி சவுண்ட் கார்ட் ஒன்று பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வாங்கலாம். ஓடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் பதிந்து, பாட்டுத் தொடங்க முன் யாரும் பேசாத சில விநாடிகளைத் தெரிவுசெய்து, எந்த ஹேர்ட்ஸில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் பிளொட் ஸ்பெக்ட்ரம் பாருங்கள். சைஸ் 65536 வையுங்கள். 50க்குப் பக்கத்தில் ஒரு கூர்முனை தெரியும்.

கொழும்பு6:
54இல் நிற்கிறது. 108இலும் ஒன்று இருக்கிறது.

கொட்டாஞ்சேனை ரேடியோ:
50ஐ 54ஆல் பிரித்தால் 0.926. அதாவது 7.4 சதவீதம் குறைக்க வேண்டும். சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்சில் மைனஸ் 7.4 போடுங்கள். சேஞ்ச் டெம்போ வேண்டாம், அது குரலின் சுருதியை மாற்றாது. மூலப் பதிவைத் தொடாமல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கொழும்பு6:
செய்தேன் அண்ணா. பாட்டு நினைவில் இருந்தபடியே வருகிறது. என் அண்ணாவின் குரல் ஒன்பது வயதுப் பையனின் குரலாகிவிட்டது. இரவு அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். “சத்தத்தைக் குறையுங்கோ” வந்ததும், திரும்பப் போடு என்றார். மூன்று தரம் போட்டேன். அது தன் குரல் இல்லையாம். வேகமாக ஓடியபோது அம்மா மாதிரிக் கேட்டது அம்மம்மா.