சொல் தேவை: 'கார்டு மெலடி'க்குத் தமிழில் என்ன?

வணக்கம் நண்பர்களே,

ஒரு சொல் வேண்டும். அவசரம் ஒன்றும் இல்லை, ஆனால் மூன்று வாரமாக மண்டைக்குள் குடைந்துகொண்டே இருக்கிறது.

ராயபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலைந்து பையன்களுக்கு கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன். பாதிப் பேர் மாதா கோயில் பாடற்குழுவில் வாசிக்கிறவர்கள், மீதிப் பேர் கானாவுக்குப் பின்னால் கார்டு, அதாவது பல சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிப்பது, போடுகிறவர்கள். அவர்களுக்கு ஜோ பாஸ் என்ற அமெரிக்க ஜாஸ் கிட்டார்காரர் 1973-ல் பதிந்த 'விர்ச்சுவோசோ' ஆல்பத்தைப் போட்டுக் காட்டினேன். ஒரு பாட்டு முடிவதற்குள் ஒருத்தன், "அண்ணே, ரெண்டு கிட்டாரா, மூணா?" என்றான். ஒன்றுதான்டா என்றால் நம்பவில்லை. "அப்போ பேஸ் யாரு வாசிக்கிறது?" அடியில் ஓடும் அந்தக் கனத்த சுரங்களும் அவர்தான். "டப்பிங்கா?" இல்லை. சற்று நேரம் போனையே முறைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பேரு என்னண்ணே?" என்றான். கார்டு மெலடி என்றேன். "தமிழ்ல?" என்று கேட்டுவிட்டான் பாவி. பேச்சு வரவில்லை.

கிட்டார் பழக்கம் இல்லாதவர்களுக்காக விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சி கார்டு பிடித்தால் மெல்லிய கம்பியில் விழுவது ஈ என்ற சுரம். டி மைனர் பிடித்தால் அதே கம்பியில் எஃப், ஜி பிடித்தால் ஜி. அதாவது சி-யை ஆதார சுருதியாக வைத்துக்கொண்டால் க, ம, ப. மூன்று கார்டையும் வரிசையாக மீட்டினாலே மெல்லிய கம்பியில் மூன்று சுரத்துக்கு ஒரு மெட்டு தானாக நகர்கிறது, கீழே கார்டும் இருக்கிறது. இதுதான் விதை. இதை ஒரு முழுப் பாட்டுக்கு, நடுநடுவே பேஸும் நடக்கிற மாதிரி, பாடகர் இல்லாமல் டிரம்ஸ் இல்லாமல் தனியாளாகச் செய்தால் ஜோ பாஸ்.

'தனி வாசிப்பு' என்று சொல்லிவிடலாம், ஆனால் ஒற்றைக் கம்பியில் மெட்டை மட்டும் வாசித்தாலும் அது தனி வாசிப்புதானே. பொருத்தமான சொல் இருந்தால் சொல்லுங்கள்.

ராயபுரத்திலிருந்து

—

தம்பிக்கு,

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? 'நாண்' என்ற சொல் பள்ளிப் பாடநூலிலேயே இருக்கிறது. வட்டத்தின் நாண் என்று முப்பது வருடம் கரும்பலகையில் எழுதியவன் நான். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல், ஒரே எழுத்து. ஆகவே 'நாண்மெட்டு'. சுருக்கமாக, அழகாக இருக்கிறது. வில்லுக்கும் நாண், யாழும் வில்லிலிருந்து வந்தது என்பார்கள். இதைவிட என்ன பொருத்தம் வேண்டும்?

திருவொற்றியூரிலிருந்து

—

ஐயா சொன்னது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் 'நாண்மெட்டு' என்றால் நான் 'நான் மெட்டு' என்றுதான் படித்தேன். வெட்கப்பட்ட மெட்டு என்றும் படிக்கலாம்.

என் கவலை வேறு. வீணைக்காரிக்கு 'மெட்டு' என்றால் முதலில் தண்டியின் மேல் மெழுகில் பதித்திருக்கும் 24 உலோகக் குறுக்குக் கட்டைகள்தான் (கிட்டாரில் ஃப்ரெட் என்பீர்களே, அவை) கண்ணில் வரும், பாட்டின் மெட்டு அப்புறம். கிட்டார் விஷயத்தில் அந்தச் சொல்லைப் போட்டால், ஃப்ரெட்டைச் சொல்கிறீர்களா பாட்டைச் சொல்கிறீர்களா என்று குழப்பம் வராதா?

இன்னொன்று. நாங்களும் சரளிப் பயிற்சியை மீட்டிக்கொண்டே பக்கத்தில் இருக்கும் மூன்று தாளத் தந்திகளைச் சுண்டுவிரலால் மீட்டுகிறோமே, அதுவும் ஒரு வகையில் ஒரே ஆள் இரண்டு வேலை செய்வதுதானே? அதற்கென்று நாங்கள் தனிப்பெயர் தேடி அலையவில்லை.

பெரம்பூரிலிருந்து

—

அடுக்குமெட்டு, கூட்டுமெட்டு, கோவைமெட்டு, கொத்துமெட்டு. எது வேணுமோ எடுத்துக்கோங்க. கடைசி ரெண்டையும் நானே தள்ளுபடி பண்ணிடறேன், ஒண்ணு கோயமுத்தூர் பஸ் மாதிரி இருக்கு, இன்னொண்ணு ரெண்டு முட்டை போட்டுக் கொத்தச் சொன்ன மாதிரி இருக்கு.

வியாசர்பாடியிலிருந்து

—

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றாக வருகிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல், ஒரே எழுத்து.

ஐயா, எழுத்து ஒன்றுதான், பிறப்பு வேறு. வட்டத்து நாணுக்கு ஆங்கிலத்தில் வந்த சொல் தந்தி, வில்நாண் என்ற பொருளில் வந்தது, அதனால் அங்கே 'நாண்' கச்சிதமான தமிழ். இசையில் வரும் 'கார்டு' அப்படி இல்லை. 'அக்கார்டு', அதாவது இசைந்து போவது, ஒத்துப் போவது என்ற சொல்லின் தலையை வெட்டி வந்தது. முதலில் எச் (h) எழுத்து இல்லாமல்தான் எழுதினார்கள்; பிற்காலத்தில் தந்தியைக் குறிக்கும் லத்தீன் சொல்லோடு குழப்பிக்கொண்டு எச்சைச் செருகிவிட்டார்கள். அவர்கள் செய்த எழுத்துப்பிழையை நாம் மொழிபெயர்த்துத் தலைமுறை தலைமுறையாகச் சுமக்க வேண்டுமா? கணக்குப் பாடத்தில் நாண் நாணாகவே இருக்கட்டும்.

ஐயா வழியிலேயே போய் பழந்தமிழில் தேடினால் 'நரம்பு' கிடைக்கிறது. யாழின் தந்தியும் நரம்பு, குரல் துத்தம் கைக்கிளை உழை இளி விளரி தாரம் என்ற ஏழு சுரமும் நரம்பு. ஒரே சொல்லில் கம்பியும் சுரமும், எவ்வளவு வசதி! ஆசைப்பட்டு 'நரம்புக்கொத்து' என்று எழுதிப் பார்த்தேன். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நரம்பியல் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது. விட்டுவிட்டேன்.

> ஃப்ரெட்டைச் சொல்கிறீர்களா பாட்டைச் சொல்கிறீர்களா

அக்கா, இது நியாயமான கேள்வி. ஆனால் கிட்டார் வாசிக்கிற பையன் யாரும் ஃப்ரெட்டை மெட்டு என்று சொல்வதில்லை, மெட்டு என்றால் அவனுக்குப் பாட்டுதான். வீணையும் கிட்டாரும் ஒரே மேடையில் உட்கார்ந்தால் குழப்பம் வரும், வரட்டும், அப்போது பார்த்துக்கொள்வோம்.

தாளத் தந்தி உவமையில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. உங்கள் மூன்று தந்திகளும் ச, ப, ச என்று போட்டது போட்டபடி நிற்கும், அதுதான் அதன் அழகு, பாட்டு எங்கே அலைந்தாலும் திரும்பி வர ஒரு வாசற்படி. ஜோ பாஸிடம் வாசற்படியே நடக்கும். ஒன்று செய்து பார்க்கச் சொல்கிறேன், வீட்டில் யாரிடமாவது கிட்டார் இருந்தால் போதும். இடக்கைச் சுண்டுவிரலை முதல் கம்பியில், அதாவது மெல்லியதில், மூன்றாம் ஃப்ரெட்டில் வையுங்கள், அது மெட்டின் சுரம், எடுக்கவே கூடாது. இப்போது ஐந்தாம் கம்பியில் மோதிர விரலால் மூன்றாம் ஃப்ரெட், அப்புறம் நடுவிரலால் இரண்டாம் ஃப்ரெட், அப்புறம் வெறும் கம்பி என்று, வலக்கைக் கட்டைவிரலால் மீட்டிக்கொண்டே இறங்குங்கள். பேஸ் மூன்று படி இறங்கும்போது மேலே அந்த ஒரு சுரம் மணி மாதிரி நின்று ஒலிக்க வேண்டும். முதல் பத்து முறை என்ன நடக்கும் என்றால், மோதிர விரலைத் தூக்குகிற அதே நொடியில் சுண்டுவிரலும் கூடவே எழுந்துவிடும், மெட்டு பொத்தென்று செத்துவிடும். பியானோவில் பெடலை மிதித்துத் தப்பிக்கலாம், கிட்டாரில் விரல் எடுத்தால் ஒலி போச்சு. இந்த ஒரு இறக்கத்துக்கே என் மாணவன் ஒருவன் ஒரு மாதம் எடுத்துக்கொண்டான், நான் எத்தனை மாதம் என்று கேட்காதீர்கள். ஜோ பாஸ் இதைப் பாட்டு முழுக்க, வேகமாக, பேச்சுவாக்கில் செய்துவிட்டுப் போகிறார்.

இங்கேதான் 'அடுக்குமெட்டு' எனக்கு இடிக்கிறது. முதலில் அதுதான் மனதுக்குப் பிடித்திருந்தது, அடுக்குமல்லி மாதிரி. ஒன்று, உச்சத்தில் இருக்கும் சுரம் கிட்டாரில் கீழே இருக்கும் கம்பியில் வருகிறது, அடுக்கு தலைகீழ். சொல்லிக்கொடுக்கும்போது 'மேலே, மேலே' என்றால் பையன்கள் தடித்த கம்பிக்குப் போகிறார்கள். அதைக்கூட சமாளிக்கலாம். பெரிய சிக்கல் என்னவென்றால், ஜோ பாஸ் அடுக்குவதே குறைவு. அந்த ஆல்பத்தைக் காது வைத்துக் கேளுங்கள். மெட்டு, பேஸ், கார்டு மூன்றும் ஒரே நேரத்தில் ஒலிக்கிற இடங்களைவிட ஒலிக்காத இடங்கள்தான் அதிகம். ஒரு பேஸ் சுரம் போடுவார், அது அடங்குவதற்குள் மெட்டில் ரெண்டு சுரம், அது மூச்சு வாங்குகிற இடத்தில் சுருக்கென்று ஒரு கார்டு, உடனே எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒற்றைக் கம்பியில் குடுகுடுவென்று ஒரு ஓட்டம், திரும்பி வந்து சரியான இடத்தில் கார்டு. நடுவே விட்டதையெல்லாம் நம் காது போட்டு நிரப்பிக்கொள்கிறது. மூன்று பேர் வாசிக்கிறார்கள் என்று அந்தப் பையன் நினைத்தானே, அந்த மூன்றாவது ஆள் அவன் காதுக்குள் இருந்தவர்.

கிட்டாரில் இந்தத் தனி வழியை இவர்தான் தொடங்கினார் என்று சொல்லவில்லை. ஜார்ஜ் வான் எப்ஸ் என்ற கிட்டார்காரர் 1930-களின் கடைசியிலேயே பேஸுக்கென்று கூடுதலாக ஒரு கம்பி போட்டு ஏழு கம்பி கிட்டார் செய்யச் சொல்லி வாங்கி, தன் வாசிப்பை மடியில் வைத்த பியானோ என்றே சொன்னவர். 'மடிப்பியானோ' நல்ல தமிழ்தான், ஆனால் அது அவருக்குப் பொருந்தும், அவர் வாசிப்பு உண்மையிலேயே பியானோ மாதிரி நிறைவாக இருக்கும். ஜோ பாஸ் ஆறே கம்பியில் பாதியை விட்டுவிட்டு வாசிக்கிறவர்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன், சொல்லுக்குச் சம்பந்தம் இல்லை, எனக்கு இருக்கிறது. ஜோ பாஸ் 1929-ல் நியூ ஜெர்சியில் பிறந்து, பென்சில்வேனியாவில் ஜான்ஸ்டவுன் என்ற எஃகு ஆலை ஊரில் வளர்ந்தவர், அப்பா ஆலைத் தொழிலாளி. வாலிப வயதில் பல வருடம் போதையில் போயிற்று. கலிஃபோர்னியாவில் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் சேர்ந்து, அங்கே இருந்தவர்களோடு 1962-ல் பதிந்த இசைத்தட்டு வழியாகத்தான் பெயரே வெளியே தெரிந்தது. 'விர்ச்சுவோசோ' பதிந்தபோது வயது 44. இந்தக் கதையை மாடியில் சொல்லும்போது மட்டும் பையன்கள் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறார்கள். ஏன் என்று நம் ஏரியாக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

> ரெண்டு முட்டை போட்டுக் கொத்தச் சொன்ன மாதிரி

வியாசர்பாடி நண்பரே, நீங்கள் கிண்டலுக்குத் தூக்கிப் போட்டதை நான் பொறுக்கிக்கொள்கிறேன். கொத்து என்றால் பூங்கொத்து, சாவிக்கொத்து, சேர்ந்திருப்பது. கார்டுக்கு அது போதும். அதே கொத்து கோழி கொத்துவதும்தான். கட்டைவிரலும் மற்ற மூன்று விரல்களும் ஒன்றாகக் குவிந்து கம்பிகளைச் சுருக்கென்று இழுத்து விடுகிற வலக்கையைப் பக்கத்தில் பாருங்கள், தானியம் கொத்துகிற கோழியேதான். இடக்கையில் பூங்கொத்து, வலக்கையில் கோழிக்கொத்து. ஒரே சொல்லில் இரண்டு கையும் வருகிற இன்னொரு சொல் எனக்குத் தெரியவில்லை.

பரோட்டா பற்றி: எங்கள் தெருமுனையில் ராத்திரி பத்து மணிக்கு மாஸ்டர் இரண்டு இரும்புத் தகட்டை வைத்துக்கொண்டு கல்லில் கொத்து போடும்போது கவனித்திருக்கிறீர்களா? ஒரு கை தாளம், இன்னொரு கை அதற்கு எதிர்த்தாளம், நடுவில் ஒரு நொடி நிறுத்தி சால்னா ஊற்றுவார், தாளம் விடாது. ஒரே ஆள்தான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் கடைக்குள் ரெண்டு பேர் இருக்கிற மாதிரி இருக்கும். இந்தச் சொல்லைக் கேட்டு பரோட்டா ஞாபகம் வந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆகவே என் ஓட்டு கொத்துமெட்டு. வாசிப்பு முறைக்குப் பெயர் கொத்துமெட்டு, 'இந்தப் பாட்டைக் கொத்துமெட்டாக வாசி' என்று சொல்லலாம்.

ராயபுரத்திலிருந்து

—

தம்பி, எச் விஷயம் எனக்குப் புதிது. நாணைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம். கார்டுக்குக் கொத்து என்று வைத்துவிட்டால் சி மேஜர், டி மைனர் எல்லாம் என்ன ஆகும்? 'சி பெருங்கொத்து, டி சிறுகொத்து' என்றா? சிறுகொத்து என்றால் அரை பிளேட் என்று நினைத்துவிடப் போகிறார்கள்.

திருவொற்றியூரிலிருந்து

—

ஐயா, மேஜர் மைனரை இப்போதைக்கு அப்படியே விடுங்கள், ஒரு நாளைக்கு ஒரு சண்டை போதும். நான் கொத்துமெட்டுக்குச் சரி. தாளத் தந்தி ஒப்பீட்டையும் வாபஸ் வாங்குகிறேன். அண்ணன் பையனிடம் கிட்டார் வாங்கி அந்த ஐந்தாம் கம்பி இறக்கத்தை வாசித்துப் பார்த்தேன். இருபது வருடம் வீணை வாசித்த கை, சுண்டுவிரல் நாலாவது முறையும் எழுந்துகொண்டது.

பெரம்பூரிலிருந்து

—

இன்று மாடியில் சொல்லிப் பார்த்தேன். முதலில் சிரித்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து ஒருத்தன் இன்னொருத்தனிடம், "டேய், மெட்டு மட்டும் வாசிக்காத, கொத்தி வாசி" என்றான். பெயர்ச்சொல் கேட்டேன், வினைச்சொல்லும் கிடைத்துவிட்டது. மேஜர் மைனருக்குத் தனி இழை தொடங்குகிறேன், ஐயா அங்கே வாருங்கள்.

ராயபுரத்திலிருந்து