இரண்டாம் ஆண்டு நுண்பொருளியல்: இன்னும் மனசை விட்டுப் போகாத சம்பவம் ஒன்று சொல்லுங்கள்

ஈசூன்வாசி:

வருடங்கள் ஓடிவிட்டன, ஆனால் அந்தக் குழாய் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. 2018 அக்டோபர், ரிசஸ் வாரம் முடிந்த கையோடு மிட்டெர்ம். ஸ்லட்ஸ்கி (விலை ஏற்றத்தின் விளைவை, வேறு பொருளுக்கு மாறுவது, வாங்கும் சக்தி குறைவது என்று இரண்டாகப் பிரிப்பது) வரைக்கும் நடத்தியிருந்தார்கள். கேள்வி இதுதான்: தண்ணீர் விலை மட்டும் 30 விழுக்காடு ஏறுகிறது, பழைய கூடையை அப்படியே வாங்கும் அளவுக்கு அரசாங்கம் பணமும் கொடுத்துவிடுகிறது, அந்தக் குடும்பம் தண்ணீரைக் குறைக்குமா? நான் 'குறைக்காது' என்று எழுதினேன். முன்பு வாங்கியதை இப்போதும் வாங்க முடியும்போது எதற்குக் குறைக்க வேண்டும் என்று அரைப்பக்கம் விளக்கமும் கொடுத்தேன்.

அன்று ராத்திரி வீட்டுக்குப் போனால் அம்மா அரிசி களைந்த தண்ணீரைச் சிவப்பு வாளியில் பிடித்துக்கொண்டிருந்தார், காரிடாரில் இருக்கும் கறிவேப்பிலைச் செடிக்கு. அப்போதுதான் சிங்கப்பூரில் தண்ணீர் விலை இரண்டாவது தடவையாக ஏறியிருந்தது (2017 ஜூலையில் ஒன்று, 2018 ஜூலையில் ஒன்று, இரண்டும் சேர்ந்துதான் அந்த 30). அதற்காகவே யூ-சேவ் என்ற அரசாங்கக் கட்டணத் தள்ளுபடியையும் கூட்டிக் கொடுத்தார்கள், மூன்று மாதத்துக்கு ஒரு முறை பில்லில் கழிந்துவிடும். பிறகு எதற்கு இந்த வாளி என்று எனக்கு எரிச்சல். "அதான் காசு கொடுத்துட்டாங்களேம்மா" என்று சொல்லிக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டேன். அம்மா ஈரக்கையோடு வந்து மூடினார். "காசு வந்தா வரட்டும், தண்ணி வெல ஏறுனது ஏறுனதுதானே. அந்தக் காசுக்கு நான் மீன் வாங்கிக்கிறேன், நீ கொழாயத் தொடாத."

இரண்டு வாரம் கழித்து விடைத்தாள் கைக்கு வந்தது. என் அரைப்பக்கத்தின் ஓரத்தில் டியூட்டர் சிவப்பு மையில் ஒரு சின்னப் படம் வரைந்திருந்தார். பழைய கூடையின் புள்ளி வழியாகவே போகும், பழையதைவிடச் செங்குத்தான புது வரவுசெலவுக் கோடு (கையிலிருக்கும் பணத்துக்கு வாங்கக்கூடியதைக் காட்டுவது), அதன் மேல் தண்ணீர் குறைந்து 'மற்றவை' கூடிய ஒரு புள்ளி. அந்த 'மற்றவை' மீன் என்று எனக்குத் தெரியும். பதிலீட்டு விளைவு (விலை ஏறியதைக் குறைத்து மற்றதற்கு மாறுவது) என்பதை அதற்கு முன் ஒரு முப்பது தடவையாவது வரைந்திருப்பேன். அம்மா குழாயை மூடிய அந்த நிமிடம் வரை அது நிஜத்தில் நடக்கிற விஷயம் என்றே எனக்குத் தோன்றியதில்லை. அன்று குரலை உயர்த்தியதற்கு இன்னும் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

தேக்கா_பகுதிநேரம்:

நான் வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்பில் படித்தவள். என்னுடையது லாம்டா, லக்ராஞ்ச் கணக்கில் வரும் ஓர் எண். டுட்டோரியலில் போர்டில் போட வேண்டிய முறை என்னுடையது. கையில் 80 வெள்ளி, கோழிச்சோறு 4 வெள்ளி, மீகோரெங் 5 வெள்ளி, பயன்பாடு (கிடைக்கும் திருப்திக்கு ஓர் எண்) இரண்டு தட்டு எண்ணிக்கைகளின் பெருக்கல். லக்ராஞ்ச் (கையிலிருக்கும் பணத்துக்குள் பயன்பாட்டை உச்சமாக்கும் முறை) எழுதி, வகையிட்டு, 10 தட்டு சோறு, 8 தட்டு மீ, லாம்டா 2 என்று வேகமாக முடித்துவிட்டேன். டியூட்டர் கேட்டார், "2 சரி. எதனுடைய 2?" மார்க்கர் மூடியைத் திறந்து மூடித் திறந்து மூடி நின்றேன். ஏழெட்டு வாரமாக ஒவ்வொரு கணக்கிலும் கண்டுபிடித்து வட்டம் போட்ட எண், அது என்னவென்று ஒரு நாளும் யோசித்ததில்லை. "இன்னொரு வெள்ளி கையில் வந்தால் பயன்பாடு எவ்வளவு கூடும் என்பதுதான் அந்த 2" என்று பின்வரிசைப் பையன் ஒருவன் சொன்னான், நான் உட்கார்ந்தேன். இன்றைக்கும் சம்பளம் கூடும்போதெல்லாம் அந்தக் கேள்வி காதில் விழும்.

உட்லண்ட்ஸ்_விமலி:

ஈசூன் அண்ணா சொன்னது எனக்கும் நடந்தது, ஆனால் ஜிஎஸ்டியில் (பொருள் சேவை வரியில்). 2024இல் 9 விழுக்காடு ஆனதே, ஈடாக வீட்டுக்கு வீடு சிடிசி பற்றுச்சீட்டெல்லாம் (கடைகளில் பணம் மாதிரி செலவழிக்கும் அரசாங்கச் சீட்டு) கொடுத்தார்களே, அதுவும் இதே ஸ்லட்ஸ்கிதான் என்று வகுப்பில் கை தூக்கிச் சொன்னேன். விரிவுரையாளர் "யோசித்துவிட்டு அடுத்த வாரம் சொல்லுங்கள்" என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரம் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எங்கே தப்பு?

தெம்பனிஸ்காரன்:

விமலி, ஜிஎஸ்டி ஏறினால் வாடகை மாதிரி சில தவிர எல்லாமே சேர்ந்து ஏறும். மீனும் ஏறும், சோப்பும் ஏறும். ஒன்றுக்கொன்று விலை விகிதம் மாறாதபோது கோட்டின் சாய்வும் மாறாது, கோடு இணையாக உள்ளே நகரும், அவ்வளவுதான். பற்றுச்சீட்டு அதைத் திரும்ப வெளியே தள்ளுகிறது. பதிலீட்டுக்கு அங்கே இடமே இல்லை. தண்ணீர் கதை வேறு, அதில் ஒரே ஒரு விலைதான் ஏறியது.

தேக்கா அக்கா, உங்கள் பின்வரிசைப் பையன் சொன்னது பாதிதான். பயன்பாட்டு எண்ணுக்கென்று தனி அர்த்தம் கிடையாது, வரிசை மட்டும்தான் முக்கியம். அந்தப் பெருக்கலை வர்க்கமாக்கிப் பாருங்கள், அப்போதும் 10 சோறு, 8 மீதான் வரும், லாம்டா மட்டும் 320 ஆகிவிடும். ஆள் அதே ஆள், தட்டு அதே தட்டு. அப்புறம் அந்த 2க்கு என்ன மதிப்பு?

என் கதை சின்னது. மாசக் கடைசியில் காசில்லாமல் மேகி மீ சாப்பிடுவேன், அது கிஃபன் பண்டம் (விலை ஏற ஏற அதிகமாக வாங்கப்படுவது) என்று டுட்டோரியலில் சொன்னேன். "மேகி விலை ஏறினால் இன்னும் அதிகமாகச் சாப்பிடுவாயா?" என்று கேட்டார்கள். மாட்டேன். அது தாழ்நிலைப் பண்டம் (வருமானம் கூடினால் குறைவாக வாங்குவது), அத்துடன் சரி. கிஃபனுக்கு ஜென்சனும் மில்லரும் 2008இல் வெளியிட்ட ஆய்வைப் படியுங்கள்: சீனாவின் ஹூனானில் ஏழைக் குடும்பங்களுக்கு அரிசியை மானிய விலையில் கொடுத்தார்கள், அவர்கள் அரிசியைக் குறைத்துவிட்டு வேறு உணவு வாங்கினார்கள்.

இப்போது படிக்கிறவர்களுக்கு, யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். விடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கணக்குப் போடாதீர்கள், எல்லாம் புரிகிற மாதிரியே இருக்கும், தேர்வில் கை ஓடாது. முதலில் படம், அப்புறம்தான் வகையிடல். இரண்டு பொருளும் ஒன்றுக்கொன்று முழு மாற்று என்றால் லக்ராஞ்ச் பக்கமே போகாதீர்கள், விலையை ஒப்பிட்டுப் பாருங்கள், பெரும்பாலும் விடை மூலையில் இருக்கும், அங்கேதான் பாதிப் பேர் மார்க்கை விடுகிறார்கள். பாலிடெக்னிக்கிலிருந்து வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே பகுதி வகையிடலை உட்கார்ந்து முடித்துவிடுங்கள், விரிவுரையில் அதற்காக நிற்க மாட்டார்கள். பெல் கர்வை (மற்றவர்களோடு ஒப்பிட்டு கிரேடு போடும் முறையை) நினைத்துக் குறிப்புகளை ஒளித்து வைக்காதீர்கள். நான் வைத்தேன். கேட்ட நண்பன் அதற்குப் பிறகு என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

தேக்கா_பகுதிநேரம்:

தம்பி, 320ஐ நானே பேப்பரில் போட்டுப் பார்த்துவிட்டேன், நீங்கள் சொல்வது சரி. ஆனால் அப்போதும் சோற்றில் போட்ட கடைசி வெள்ளியும் மீயில் போட்ட கடைசி வெள்ளியும் ஒரே அளவுதான் தருகின்றன, முதலில் 2க்கு 2, இப்போது 320க்கு 320. அந்தச் சமம் மாறவில்லையே. அன்று போர்டில் நின்றபோது இதையாவது சொல்லியிருக்கலாம்.

ஈசூன்வாசி:

அந்தச் சிவப்பு வாளி இன்னும் வீட்டில் இருக்கிறது, கைப்பிடி உடைந்து கயிறு கட்டியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போகிறேன், அந்த விடைத்தாளையும் எடுத்துக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன்.