படகின் பெயரை ஒடுக்கி எழுதலாமா?

குளச்சல் வலை: எங்கள் விசைப்படகுக்குப் புதுசாகப் பெயின்ட் அடிக்கிறோம். வீல்ஹவுஸ் (படகோட்டும் அறை) நெற்றியில் 'அன்னை வேளாங்கண்ணி' என்று வரவேண்டும். இடம் 6 அடி நீளம், ஒன்றேகால் அடி உயரம். தம்பி தடித்து, ஒடுங்கி, மூலைமூலையாக வெட்டின ஒரு எழுத்தைக் கம்ப்யூட்டரில் காட்டுகிறான். அப்பாவுக்குப் பழைய உருண்டை எழுத்துதான் வேண்டுமாம். எது சரி?

தக்கலை பிரஷ்: அப்பா சொல்வதுதான். தமிழ் வளைந்த எழுத்து. நம்ம சிதறால் மலையில் 9-ஆம் நூற்றாண்டு வட்டெழுத்து, அதாவது பழைய தமிழ் எழுத்து வகை, இருக்கிறது, பாறையிலேயே வளைத்து வெட்டியிருக்கிறார்கள். மூலை வைத்து ஒடுக்கினால் மூன்று சுழி ண, இரண்டு சுழி ன இரண்டும் ஒன்றுபோல் ஆகிவிடும். உங்கள் பெயரில் இரண்டுமே இருக்கிறது.

பார்வதிபுரம் டிசைனர்: அண்ணாச்சி, சுழி அடைபடும் என்பது உண்மை. ஆனால் மூலை தமிழுக்கு ஆகாது என்பதை ஏற்க மாட்டேன். வட்டெழுத்துக்கும் முந்தைய தமிழி (தமிழ் பிராமி) எழுத்தை மதுரைப் பக்கம் மாங்குளம் குகையில் பாருங்கள், நேர்கோடும் முனையும்தான். இன்றைக்கும் ட, ப, ம எல்லாம் மூலையுள்ளவைதானே?

கணக்கையும் பார்க்கலாம். பெயரில் 9 எழுத்து. ஆனால் இரட்டைச் சுழி கொம்பு, கால் எல்லாம் தனியாக நிற்பதால் பலகையில் 12 உருக்கள். 6 அடியை 12-ஆல் வகுத்தால் ஒன்றுக்கு அரை அடி, இடைவெளி போக இன்னும் குறைவு. உருண்டை எழுத்தானால் உயரமும் அரை அடியைத் தாண்டாது, பலகையில் பாதிக்கு மேல் காலி. ஒடுங்கிய எழுத்து முக்கால் அடி ஏறும். ன், ங், ண் மூன்றுக்கும் மேலே புள்ளி வைக்கவும் இடம் மிஞ்சும்.

தக்கலை பிரஷ்: உயரம் சரி. ஆனால் தூரத்தில் ண, ன பிரித்துக் காட்டுவது சுழிக்குள் விடும் வெற்றிடம். போன வருஷம் ஒரு கடை போர்டைப் பார்த்தேன். கோரல் டிரா மென்பொருளில் பக்கவாட்டில் நெருக்கிவிட்டார்கள். நிற்கும் கோடெல்லாம் மெலிந்து, படுக்கைக்கோடு மட்டும் தடிமனாக, பார்க்கவே வேதனையாக இருந்தது.

பார்வதிபுரம் டிசைனர்: அது நெருக்கிய எழுத்து அண்ணாச்சி. நான் சொல்வது முதலிலிருந்தே ஒடுக்கமாக வரைந்தது. 1965-இல் ஜெஃப்ரி லீ வரைந்த இம்பாக்ட் என்ற ஆங்கில எழுத்துரு அப்படித்தான்: தடித்த கோடு, உள்ளே குறுகலான வெற்றிடம், இரண்டையும் சேர்த்தே அளந்து வரைந்தார். ஆங்கில எழுத்தில் நேர்கோடு அதிகம், அதனால் அது தாங்கியது. தமிழில் அதே தடிமனை வைத்தால் ண செத்துப்போகும், கோட்டைக் கொஞ்சம் மெலிய விடணும். அனேக் தமிழ் எழுத்துருவில் அகலத்துக்கென்றே தனி அளவு இருக்கிறது, அதைக் குறைத்தால் கோட்டின் தடிமன் கெடாமல் ஒடுங்கும். மூலை வேண்டுமென்றால் அதன்மேல் கையால் வெட்டிக்கொள்ளலாம்.

தக்கலை பிரஷ்: மெலிய விட்டால் சரி, ஒடுக்கத்துக்கு ஒத்துக்கொள்கிறேன். சுழியில் மூலை வேண்டாம், அதில் மாற்றமில்லை. வேண்டுமென்றால் 'வ'வின் நேர்கோட்டில், 'ளா'வின் காலில் வெட்டிக்கொள்ளுங்கள்.

குளச்சல் வலை: 'ன்னை', 'ண்ணி' இரண்டை மட்டும் இரண்டு மாதிரியிலும் அட்டையில் முக்கால் அடிக்கு எழுதி, நாளை வீல்ஹவுஸில் கட்டப்போகிறோம். அப்பா கரையில் நின்று படிப்பார்.

தக்கலை பிரஷ்: மத்தியான வெயிலிலும் பாருங்க, இருட்டுகிற நேரத்திலும் பாருங்க.