செக் நாட்டின் மொராவியாவில் விருந்தாளியாகப் போனவர்கள், கண்டதைச் சொல்லுங்கள்

தடம்:
மிகுலோவ் பக்கம் ஒரு ஒயின் நிலவறை. செப்டம்பர் மாதம், புர்ச்சாக் என்ற புது ஒயின் பருவம். கிளம்பும் நேரத்தில் வீட்டுக்காரப் பெரியவர் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் புர்ச்சாக் நிரப்பிக் கொடுத்தார். வாங்கியவர் மூடியை இறுக்கித் திருகியதும் பெரியவர் பாட்டிலைத் திரும்ப வாங்கி, மூடியைத் தளர்த்தி, பைக்குள் நிமிர்த்தி வைத்து, சாயாமல் இருக்கச் சுற்றிலும் செய்தித்தாளைச் சுருட்டிச் செருகினார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் கைகள் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன. புர்ச்சாக் பாதி நொதித்த திராட்சைச் சாறுதானே, பாட்டிலுக்குள்ளும் வாயு விட்டுக்கொண்டே இருக்கும். இறுக்கி மூடினால் வெடிக்கும். ஆகஸ்ட் 1 முதல் நவம்பர் 30 வரைதான் அந்தப் பெயரில் விற்கலாம். காசு நீட்டினால் வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார்.

மழைக்காகம்:
அது கிராமம், தடம். பிராகில் கடைக்காரர் முகத்தில் சிரிப்பே கிடையாது. விருந்தோம்பல் என்று எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லாதீங்க.

வேப்பம்பூ:
மழைக்காகம், கல்லாவில் நிற்பவரை வைத்து ஒரு ஊரையே எடை போடுறீங்க. கடை, லிஃப்ட், ரயில் பெட்டி, டாக்டர் வீட்டுக் காத்திருப்பு அறை, எங்கே நுழைந்தாலும் முதலில் "தோப்ரீ தென்" (வணக்கம்) சொல்லணும். சொல்லாமல் நேரே விலை கேட்டால் மரியாதை தெரியாதவர் என்றுதான் நினைப்பார்கள். சொல்லிப் பாருங்க, முகம் மாறும்.

நான் சொல்ல வந்தது மொராவியாவின் ஓலொமொட்ஸ் ஊரில் ஒரு வீட்டு வாசல். விருந்தாளிகளுக்கென்றே பல அளவில் செருப்புகள் வரிசையாக இருந்தன. பாட்டி ஒவ்வொருவர் காலையும் பார்த்து, பொருத்தமான ஜோடியைக் குனிந்து எடுத்து வைத்தார். ஷூவைக் கழற்ற மறக்காதீங்க. "பரவாயில்லை, போட்டுக்கோங்க" என்று அவர்கள் சொன்னாலும் கழற்றுங்க. பூ கொண்டுபோனால் ஒற்றைப்படையில், 3, 5, 7 என்று. இரட்டைப்படை சாவு வீட்டுக்கு. சாமந்தி வேண்டவே வேண்டாம், நவம்பர் 2 அன்று கல்லறையில் வைக்கிற பூ அது. எண்ணத் தெரியாத பூக்காரரிடம் மாட்டிக்கொண்டால் சாக்லேட் பெட்டியோடு போங்க.

ரயில்பைத்தியம்:
ஸ்லிவோவிட்சே பற்றி யாருமே பேசலையே! வீட்டுப் பிளம் பழத்தை நொதிக்க வைத்து, ஊர் வடிசாலையில் கொடுத்து வடித்து வாங்கிய சரக்கு. சாதாரணமாக 50 சதவீதம் ஆல்கஹால் இருக்கும். அப்படியொரு வீட்டில் தாத்தா ஒருவர் குவளையை உயர்த்தி, மேசையில் ஒவ்வொருவர் கண்ணையும் பார்த்து "நஸ்த்ராவி" (நலமாக இருங்கள்) சொன்னார். கண்ணைத் தாழ்த்திய ஒருவருக்காகக் கையை இறக்காமல் காத்திருந்தார். குவளை காலியானால் நிரப்பிக்கொண்டே இருப்பார்கள், அதனால் போதும் என்றால் அடியில் கொஞ்சம் மிச்சம் வையுங்க. மறுத்தால் கோபப்படுவார்கள் என்று சிலர் பயமுறுத்துவதை நம்பாதீங்க. கார் ஓட்டணும் என்றால் உடனே விட்டுவிடுவார்கள். அங்கே ஓட்டுநருக்கு அனுமதித்த அளவு 0.0 தான்.

தடம்:
சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது?

வேப்பம்பூ:
முந்தின நாளே சொல்லிடுங்க. ஸ்விச்கொவா என்ற உணவுக்கு மாட்டிறைச்சியைக் காய்கறியோடு முன்கூட்டியே ஊறவைப்பார்கள். சமைத்த பிறகு தட்டைத் தள்ளினால் மனசு நோகும். "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது, ஹாம் வந்து நிற்கும். ஹாம், சாசேஜ், மீன், இறைச்சிச் சாறு என்று பெயர் சொல்லி மறுங்க. பயறு சூப்பிலும் முட்டைக்கோஸ் சூப்பிலும் புகையூட்டிய இறைச்சி கிடக்கலாம். நம்பிக் கேட்கக்கூடியது பழ க்னெட்லிக்: பிளம் அல்லது ஆப்ரிகாட்டை மாவில் பொதிந்து வேகவைத்து, மேலே துருவிய தயிர்க்கட்டி, சர்க்கரை, உருக்கிய வெண்ணெய். அங்கே அதையே மதியச் சாப்பாடாகச் சாப்பிடுவார்கள், கூச்சப்படாதீங்க. பிரம்போராக் என்ற உருளைக்கிழங்கு அடையும் அருமை, பூண்டும் மார்ஜோரமும் மணக்கும். ஆனால் எண்ணெயிலா பன்றிக் கொழுப்பிலா பொரிக்கிறீர்கள் என்று அடுப்பேற்றுமுன் கேட்டுடுங்க.